ஐந்தில் ஒன்று போதும்

ஸ்ஃபாக்ஸ்,
அக்டோபர் 6

உல்ஃபா,

போனில் என்னை எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டாய். அழைத்தால் மணி போகவில்லை. செய்தி போட்டால் ஒற்றைக் குறியோடு நிற்கிறது. என் அம்மாவின் போனிலிருந்து முயன்றேன், அதுவும் அப்படியே. கைக்குழந்தையில் என்னோடு சேர்த்து உனக்கும் பால் கொடுத்தவளின் எண்ணையே அடைத்துவிட்டவளுக்கு நான் எம்மாத்திரம்! அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். மெத்லாவிக்கு வண்டி ஓட்டுகிற பஷீர் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். "என்னம்மா, ரெண்டு பேருக்கும் போன் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வீட்டுப்பாடமாக அனுப்பிய புரோகிராமை நான் வீடியோவாகப் போட்டது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீயும் கொஞ்சம் என் பக்கம் நின்று பார். என் ஒரு நிமிடப் பாடங்களை ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள், செய்து பார்த்து அனுப்புகிறவள் நீ ஒருத்திதான். 'இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்கிற நிபந்தனைப் பாடத்துக்கு எல்லாரும் மழையையும் குடையையும் வைத்து எழுதுவார்கள். நீ மாப்பிள்ளையை வைத்து எழுதியிருந்தாய்! நிலையான வேலை, தனி வீடு, பந்தாட்டம் பார்க்கும்போது கத்தாத வாய் என்று இப்படி ஐந்து நிபந்தனை. அந்த ஐந்துக்கும் நடுவில் 'மற்றும்' போட வேண்டிய இடத்தில் 'அல்லது' என்று போட்டிருந்தாய். ஐந்தில் ஒன்று இருந்தாலும் திரையில் 'சம்மதம்' என்று வந்துவிடும். அடுப்பில் குஸ்குஸ் வெந்துகொண்டிருந்தது, அதை மறந்து சிரித்தேன். இதைவிட நன்றாக அந்தப் பாடத்தை எப்படிச் சொல்லித்தருவது?

முதல் மூன்று நொடிக்குள் சிரிப்பு வராவிட்டால் பார்க்கிறவர்களின் கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும் என்று உனக்கே தெரியும். அதனால்தான் "இந்தப் பொண்ணுக்கு எவன் வந்தாலும் சம்மதம்! வாயில பல்லு இருந்தா போதும்!" என்று ஆரம்பித்தேன். உன் பெயரை வெட்டிவிட்டேன். கீழே நீ சோதித்துப் பார்க்கப் போட்டிருந்த ஆளின் விவரத்தை வெட்ட விட்டுப்போயிற்று. பாஸ்பேட் ஆலையில் லாரி ஓட்டுகிறவர், அம்மா வீட்டு மாடியில் இருப்பவர், பந்தாட்டம் பார்த்துக் காபிக்கடை ரிமோட்டை உடைத்தவர். அதை வைத்து மெத்லாவி முழுக்க ஆளைக் கண்டுபிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வீடியோவை நீக்கிவிட்டேன். கோபம் தீர்ந்ததும் அடைப்பைத் திற.

சுந்துஸ்


மெத்லாவி,
அக்டோபர் 9

சுந்துஸுக்கு,

பஷீர் மாமா கடைக்குள்ளேயே வந்து, ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் முன்னால் "ஸ்ஃபாக்ஸ்காரி குடுத்தாம்மா" என்று உன் கடிதத்தை நீட்டினார். அங்கிருந்த எல்லார் முகத்திலும் சிரிப்பு. வாங்கிக்கொண்டேன்.

நீக்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய். நேற்றுக் காலையில் ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பக்கத்தில்தான், உன் பெயருக்குக் கீழேதான். பல்லு இருந்தா போதும் என்று நீ சொல்கிற இடம் வந்ததும் பக்கத்தில் இருந்தவளையும் கூப்பிட்டுக் காட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வாம்மா, நீ முன்னால வாங்கிட்டுப் போ" என்று வழிவிட்டாள். அந்த மரியாதை எதற்கு என்று எனக்குத் தெரியும்.

ரிமோட் உடைத்தவரை ஊர் கண்டுபிடிக்கும் என்று உனக்குத் தெரியாதாமே. அவர்தான் லுத்ஃபி. எங்கள் வீட்டுக்கு அவர்கள் பெண் கேட்டு வந்த அன்றைக்கே உனக்குச் சொன்னேன். ரிமோட் கதையையும் சொன்னேன். சிரித்தாய்.

இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்வதாக இருந்தது. இப்போது அவருடைய அம்மா வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இனி எழுதாதே. பஷீர் மாமாவுக்கு வேறு வேலை இருக்கிறது.

உல்ஃபா


ஸ்ஃபாக்ஸ்,
அக்டோபர் 13

உல்ஃபா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. திட்டுவதானால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

போன கடிதத்தில் பொய் சொன்னேன். வீடியோவை மறைத்துத்தான் வைத்தேன், நீக்கவில்லை. மறைத்த மறுநாளே இங்கே ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து போன். புதிதாகக் கம்ப்யூட்டர் படிக்க வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்க ஆள் தேடுகிறார்களாம். போனில் பேசிய அம்மாள், "மாப்பிள்ளை வீடியோ எங்க காணோம்? எங்க டைரக்டருக்குக் காட்டணும், மறுபடி போடுங்க" என்றார். போட்டுவிட்டேன். டைரக்டர் பார்த்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை போகவில்லை, உல்ஃபா. உன்னை நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். அப்படியும் கை போகவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

உன் கடிதம் கைக்கு வந்ததும் நீக்கினேன். இந்த முறை நிஜமாகவே. ஆனால் எத்தனையோ பேர் தங்கள் பக்கத்தில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் எழுதிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தன், "உங்களுக்கு என்னக்கா பொறாமை?" என்று கேட்கிறான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. இரண்டு வருஷமாகக் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் உனக்குச் சொல்லித்தந்தேனே. ஒரு கையால் ஹரிஸா மிளகாய் விழுது அரைத்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு உன் குரல் செய்திக்கெல்லாம் பதில் சொன்னேனே. அதெல்லாம் ஒரே வீடியோவில் அழிந்துவிடுமா? உன் பிழையால் எத்தனையோ பேருக்கு 'மற்றும்', 'அல்லது' வித்தியாசம் புரிந்தது. அது ஒரு நன்மை இல்லையா?

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. எதையும் அடிக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

லுத்ஃபியின் அம்மா என்ன கேட்டார்? நீ என்ன சொன்னாய்?

சுந்துஸ்


மெத்லாவி,
அக்டோபர் 17

சுந்துஸ்,

அது பிழை இல்லை.

முதலில் நானும் 'மற்றும்' என்றுதான் போட்டேன். ஐந்தும் வேண்டும் என்று. லுத்ஃபியின் விவரத்தைக் கொடுத்தேன், 'இல்லை' என்று வந்தது. எனக்குத் தெரிந்த ஆண்களையெல்லாம் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தேன். அப்பாவைக்கூடப் போட்டேன். எல்லாருக்கும் 'இல்லை'. வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன், முப்பத்தொன்று முடிந்துவிட்டது. ஐந்தும் கேட்டால் எப்படிக் கிடைக்கும்? ஒருவரிடம் ஒரு நல்ல குணம் உண்மையாக இருந்தால் அவரோடு வாழ முடியாதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். முடியும் என்று பட்டது. அதனால் 'அல்லது' என்று மாற்றினேன். லுத்ஃபிக்கு 'சம்மதம்' என்று வந்தது.

லுத்ஃபியை ஏற்றுக்கொள்வது என்று நான் முடிவெடுத்ததே அப்போதுதான். அம்மாவிடம்கூட அதற்குப் பிறகுதான் சொன்னேன். நீ கற்றுக்கொடுத்ததை வைத்து என் வாழ்க்கையில் ஒரு காரியம் செய்திருக்கிறேன் என்று உன்னிடம் காட்டவே அனுப்பினேன். நீ அதைப் பிழை என்று ஊருக்குக் காட்டினாய். பல்லு இருந்தா போதும் என்றாய்.

இதை எழுதிவிட்டு உன்னைத் திட்டித் தீர்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நான் செய்ததைக் கேள்.

லுத்ஃபியின் அம்மா வந்து கூடத்தில் உட்கார்ந்தார். தேநீரைத் தொடவில்லை. போனை நீட்டி, "ஏம்மா, இது நீ எழுதினதா? என் பையனை வச்சு விளையாடறியா?" என்று கேட்டார். என் அம்மா என்னைப் பார்த்தாள். "நான் இல்லீங்க. கடையில என்கூட வேலை பார்க்கிற நஜாத் அக்கா எழுதினது. என் கம்ப்யூட்டர்ல உக்காந்து கேலி பண்ணி எழுதிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெயர் எப்படி வாயில் வந்தது என்று கேட்காதே. யோசிக்காமலே வந்தது. அவர் உடனே நம்பினார். "அதானே பார்த்தேன். புருஷனை விட்டுட்டு வந்தவளுக்கு அடுத்தவ கல்யாணத்தைப் பார்த்தா வயிறு எரியத்தானே செய்யும்" என்றார். உடனே தேநீரை எடுத்துக் குடித்தார். என் அம்மாவுக்கு உயிர் வந்தது. நான் தட்டில் மக்ரூத் இனிப்பு எடுத்து வைத்தேன், சுந்துஸ். இரண்டு கூடுதலாகவே எடுத்து வைத்தேன்.

நஜாத் அக்காவுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது. கடையில் லேமினேஷன் போடுவதும் புத்தகம் கட்டுவதும்தான் அவருடைய வேலை. லுத்ஃபியின் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட, இப்போது கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் "அக்கா, அஞ்சுல எத்தனை இருந்தா உங்களுக்குப் போதும்?" என்று கேட்கிறார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று முதலில் அவருக்குப் புரியவே இல்லை. யாரோ வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். என் பக்கம் திரும்பி, "நான் எங்கம்மா இதையெல்லாம் எழுதினேன்? உனக்குத் தெரியுமில்ல, நீயாவது சொல்லேன்" என்றார். நான் ஜெராக்ஸ் மெஷினுக்குத் தாள் போட்டுக்கொண்டே இருந்தேன். முந்தாநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

உண்மையைச் சொன்னால் வெள்ளிக்கிழமை இல்லை. சொல்லாவிட்டால் நஜாத் அக்கா இந்த ஊரில் தெருவில் நடக்க முடியாது. என்ன செய்வது என்று உன்னிடம் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

உல்ஃபா


ஸ்ஃபாக்ஸ்,
அக்டோபர் 20

உல்ஃபா,

உன் கடிதத்தை அம்மாவிடம் மறைத்துக் குளியலறையில் வைத்துப் படித்தேன். பிழை இல்லை என்று நீ எழுதிய இடத்துக்கு மேல் வெகுநேரம் படிக்க முடியவில்லை. ஊருக்கே புரோகிராம் சொல்லித்தருகிறேன் என்று கிளம்பியவள் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாமல் இருந்திருக்கிறேன். ஏன் இப்படி எழுதினாய் என்று ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வீடியோ எடுக்க முடியாமல் போய்விடுமோ என்று கேட்கவில்லை. அதுதான் உண்மை.

ஒரு வழி தோன்றுகிறது. நான் ஒரு வீடியோ போடுகிறேன். "அந்த மாப்பிள்ளை புரோகிராம் நான் எழுதினது, எனக்காக எழுதினது, சிரிப்பு வரணும்னு வேற யாரோ எழுதின மாதிரி சொன்னேன்" என்று சொல்லிவிடுகிறேன். ரிமோட் கதையை ஒரு தோழி சொல்லிக் கேட்டேன் என்கிறேன். எனக்கும் முப்பத்தொன்றுதான், எனக்கும்தான் யாரும் இல்லை. எல்லாரும் நம்புவார்கள். நஜாத் அக்கா தப்பிப்பார், நீயும் தப்பிப்பாய். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே இருக்கும். பல் இருந்தால் போதும் என்று என்னைச் சொல்லிக்கொண்டு திரியட்டும், எனக்கு வேண்டியதுதான்.

பயிற்சி நிலையத்திலிருந்து ஒப்பந்தம் வந்துவிட்டது. கையெழுத்துப் போடவில்லை. உன்னை விற்று வாங்கிய வேலை மாதிரி இருக்கிறது. அம்மா தினமும் கேட்கிறாள், ஏதோ சாக்குச் சொல்லி நழுவுகிறேன்.

வீடியோவை எடுத்தும் வைத்துவிட்டேன். நீ 'சரி' என்று ஒரு சொல் எழுதி பஷீர் மாமாவிடம் கொடுத்தால் போதும், போட்டுவிடுகிறேன். இன்னொரு பொய்தான், தெரியும். ஆனால் இந்த முறை அது என் தலையில் விழுகிற பொய். உனக்காக நான் செய்யக்கூடியது வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சுந்துஸ்


மெத்லாவி,
அக்டோபர் 27

சுந்துஸ்,

'சரி' என்று எழுதித்தான் வைத்திருந்தேன். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டி நிலையம் வரைக்கும் போனேன். பஷீர் மாமாவின் வண்டியில் இன்னும் இரண்டு இடம் காலி, ஆள் நிறைவதற்காகக் காத்திருந்தார். அந்த நேரத்தில் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் நான் நஜாத் அக்காவிடம் வாயே திறக்காமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு போயிருப்பேன். அவருக்கு அது யார் வேலை என்று கடைசிவரைக்கும் தெரிந்திருக்காது. அதை நினைத்ததும் அங்கே நிற்க முடியவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவர் அழவில்லை. "எங்கிட்ட வந்து சொல்லி என்னம்மா பிரயோஜனம்? நான் எழுதலைன்னு எனக்குத் தெரியாதா? சிரிச்சவங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றார். கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் காலையில் ரொட்டிக்கடைக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. லுத்ஃபியின் அம்மா நடுவில் நின்றிருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருக்கத்தான் தோன்றியது. காத்திருந்தால் சொல்லவே மாட்டேன் என்றும் தெரிந்தது. "அந்த வீடியோவுல வந்தது நான் எழுதினது. நஜாத் அக்கா எழுதலை. பயந்துபோய் அவங்க பேரைச் சொல்லிட்டேன்" என்றேன். குரல் பிசிறியது. "என்னம்மா சொல்றே? சத்தமாச் சொல்லு" என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். லுத்ஃபியின் அம்மா ரொட்டி வாங்காமலே போய்விட்டார். வெள்ளிக்கிழமை யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா பொரித்து வைத்த பலகாரத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கவும் வெட்கப்பட்டுக்கொண்டு நாங்களே தின்றோம்.

நேற்று லுத்ஃபி கடைக்கு வந்தார். அடையாள அட்டையை நீட்டி ஒரு ஜெராக்ஸ் கேட்டார். மெஷின் ஓடும்போது பேச ஆரம்பித்தார்.

"அந்த வீடியோவை நான் முதல் நாளே பார்த்துட்டேன். ரிமோட் வந்ததும் நான்தான்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப எழுதினது நீங்கதான்னும் தெரிஞ்சுபோச்சு. விழுந்து விழுந்து சிரிச்சேன். காபிக்கடையில எல்லாருக்கும் நானேதான் காட்டினேன்."

"கோபம் வரலையா?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கோபம்? என்னைப் பத்தி ஒரு பொண்ணு உக்காந்து இவ்வளவு யோசிச்சிருக்காளேன்னு இருந்துச்சு. அஞ்சுல ஒண்ணாவது எனக்குத் தேறுதேன்னு சந்தோஷம்தான்" என்றார். சிரிக்கவும் செய்தார். எனக்கு ஒரு நொடி எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது, சுந்துஸ். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு கேட்டார். "எங்கம்மா வந்து கேட்டப்ப ஏன் நஜாத் பேரைச் சொன்னீங்க? ஊர்ல வேற பேரே இல்லையா?"

பதில் எனக்குத் தெரியும். அவரே சொன்னார். "புருஷனை விட்டுட்டு வந்தவ, அவளைச் சொன்னா எல்லாரும் நம்புவாங்கன்னுதானே? எங்க அக்காவும் அப்படித்தான் வந்து வீட்ல இருக்கா. நீங்க நல்லவங்கதான். ரொட்டிக்கடையில சொன்னதும் கேள்விப்பட்டேன். இருந்தாலும் நாளைக்கு எங்க வீட்ல ஒரு தட்டு உடைஞ்சாக்கூட நீங்க அவ பேரைத்தான் சொல்வீங்க."

அவருடைய அக்கா வீட்டோடு இருப்பது எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அப்படித் தெரிந்திருந்தும் நஜாத் அக்கா பெயரைச் சொல்லியிருக்கிறேன். மாட்டேன், சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் செய்திருக்கலாம். வாயைத் திறந்தேன். என்னையே நம்ப முடியவில்லை, அதனால் மூடிக்கொண்டேன். ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உன் வீடியோ என் கல்யாணத்தை நிறுத்தவில்லை, சுந்துஸ். மாப்பிள்ளைக்கு அது பிடித்துத்தான் இருந்தது. இத்தனை நாளும் உன்னைக் குற்றவாளியாக வைத்துக்கொண்டிருந்தது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. நீ அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. எனக்காகப் பொய் சொல்லி எடுத்த அந்த வீடியோவை அழித்துவிடு. இந்த முறை மறைத்து வைக்காமல் அழி.

நஜாத் அக்கா இன்று வேலைக்கு வந்துவிட்டார். என்னோடு பேசவில்லை.

உல்ஃபா